பால் பொங்கும் வரை

எங்கள் வீட்டில் இதய நோயாளி நான்தான். ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்திலேயே எனக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு வந்து, ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயை உள்ளே வைத்தார்கள். அன்றிலிருந்து பூதப்பாண்டியில் எங்கள் வீடு என் நெஞ்சைச் சுற்றித்தான் நடந்தது. என் மனைவி பகவதி குழம்பை இரண்டு சட்டிகளில் வைப்பாள். உப்புக் குறைந்த சட்டி என்னுடையது. தேங்காய் அதிகம் சேராத அவியல் என்று ஒன்றைச் செய்து, வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டே எனக்குப் பரிமாறுவாள். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டிய நைட்ரேட் மாத்திரைக் குப்பி என் சட்டைப்பையில் இருக்கிறதா என்று, நான் வாசல்படி இறங்கும்போதெல்லாம் தொட்டுப் பார்ப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் என் நெஞ்சை விசாரிப்பார்கள். அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பகவதிக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை உண்டு. அவளுடைய நெஞ்சை யாரும் விசாரித்ததில்லை. நானும் விசாரித்ததில்லை.

அவள் இப்போது உள்ளறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் பிழைத்து வந்த கதையை எழுதச் சொல்லி என் பழைய மாணவர்கள் சிலர் கேட்டார்கள். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது, படங்களில் காட்டுவதுபோல் இடது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மேல்வயிற்றில் ஓர் இறுக்கம், தாடையில் ஒரு கடுப்பு, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத அசதி என்றும் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே மங்கலாகத் தெரியலாம். இது நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும் என்பது எழுதுவதற்கு ஒரு காரணம். மற்றக் காரணத்தை முதலிலேயே சொல்ல எனக்குத் துணிவில்லை. எழுதிக்கொண்டு போனால் வந்துவிடும்.

நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன். உடம்பில் மூன்று விதத் தசைகள் உண்டு என்று ஆண்டுதோறும் பாடம் நடத்தினேன். எலும்போடு ஒட்டிய தசை நாம் சொன்னபடி கேட்கும். கையைத் தூக்கு என்றால் தூக்கும். மற்ற இரண்டும் நம் சொல் கேளாதவை. ஒன்று இதயத்தசை. அதன் இழைகள் கிளைவிட்டு ஒன்றோடொன்று கைகோத்திருப்பதால், ஓர் இழைக்கு வந்த ஏவல் எல்லாவற்றுக்கும் பரவி, முழு அறையும் சேர்ந்து சுருங்கும். மற்றது மென்தசை. வரியில்லாதது, மெதுவானது. இரைப்பை, குடல், சிறுநீர்ப்பை, கருப்பை, ரத்தக்குழாய்களின் சுவர் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். ஒரு தடவை இறுக்கிப் பிடித்தால் நெடுநேரம் அப்படியே நிற்கும். அதற்குச் செலவாகும் சத்தும் மிகக் கொஞ்சம். இதயத்தசையால் அப்படி நிற்க முடியாது. ஒரு துடிப்பு முடிந்து தளரும்வரை அது அடுத்த ஏவலை ஏற்காது. அதனால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதுபோல் இதயம் பிடித்துக்கொள்வதில்லை. பிடித்துக்கொண்டால் நாம் செத்துப்போவோம். இந்த இடத்தில் மாணவர்கள் சிரிப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் நிறுத்தி, சிரிப்பு வந்த பிறகுதான் மேலே போவேன்.

இவ்வளவும் சரியான பாடம். இதை வைத்துத்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

எங்களுக்கு ஒரே மகள், உமா. மருமகன் மஸ்கட்டில் வேலை பார்த்துச் சேர்த்ததை எல்லாம் போட்டு, தோவாளைக்குப் போகும் சாலையோரமாக ஒரு வீடு கட்டியிருந்தார். பால்காய்ச்சுக்கு முந்தின நாளே நாங்கள் அங்கே போய்விட்டோம். எங்கள் பக்கத்தில் புதுமனை புகுவதைப் பால்காய்ச்சு என்றுதான் சொல்வார்கள். விடியுமுன் வீட்டின் மூத்த சுமங்கலி அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சுவாள். அது பொங்கிக் கிழக்கே வழிந்தால் நல்லது. விளக்கையும், நெல் நிறைத்த படியான நிறைநாழியையும் உள்ளே கொண்டுவந்த பிறகு, பால் பொங்கும்வரை அந்த வீட்டிலிருந்து யாரும் சாவுக்கும் இறங்கக்கூடாது, ஆஸ்பத்திரிக்கும் இறங்கக்கூடாது என்பார்கள். உமாவின் மாமியார், எங்கள் சம்பந்தியம்மாள், இதிலெல்லாம் கறார். நல்ல மனுஷிதான். ஆனால் ஒரு பல்லி கத்தினாலும் எந்தத் திசை என்று கேட்பவள். அடுப்புப் பற்றவைக்கும் பொறுப்பைத் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் பகவதிக்குக் கொடுத்திருந்தாள், தான் கணவனை இழந்தவள் என்பதால்.

அன்று சாயங்காலம் விளக்கு உள்ளே வந்தாயிற்று. தோவாளைச் சந்தையிலிருந்து வந்த பூவைப் பெண்கள் நடுஅறையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பின்பக்கம் புதுக் கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பகவதி கையைத் துடைத்தபடி என்னிடம் வந்தாள். முகத்தில் வியர்வை. நெற்றியிலிருந்து கழுத்துவரை நனைந்திருந்தது.

"இஞ்ச பாருங்கோ. மேல்வயித்துல பிடிச்சுப் பிடிச்சு விடுகு. தாடை வரைக்கும் கடுக்கு."

"எப்பம் இருந்து?"

"இப்பம் கொஞ்சம் முந்தித்தான். வேலைன்னு பாக்காம விட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வருவமா?"

அவள் கேட்டது இதுதான். 'போயிட்டு வருவமா' என்ற அந்தக் கேள்வியை நான் இன்றுவரை சரியாக ஞாபகம் வைத்திருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்காக ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கேட்டது, பிரசவத்தை விட்டால், அது ஒன்றுதான்.

நான் பாடம் நடத்தினேன். "பகவதி, நெஞ்சுத் தசைக்குப் பிடிப்பு வராது. பிடிச்சுப் பிடிச்சு விடுதுன்னா அது குழாய்த் தசை. உணவுக்குழாயோட கீழ்ப்பாதியில இருக்கது. மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"மிச்சம் கிடந்த உளுந்தஞ்சோறு. அதும் நின்னுக்கிட்டே."

"பாத்தியா. வாயு."

"நெஞ்சுவலி உங்களுக்கு எழுதி வச்ச சொத்தாக்கும். எனக்கு வாயுதான் மிச்சம்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது ஒரு கையைச் சுவரில் ஊன்றியிருந்தாள்.

அப்போது நான் ஒன்று செய்தேன். சட்டைப்பையிலிருந்து என் குப்பியை எடுத்து, ஒரு மாத்திரையை அவள் கையில் வைத்து, நாக்குக்கு அடியில் போடச் சொன்னேன்.

"இது உங்க நெஞ்சு மாத்திரைல்லா?"

"இது மென்தசையைத் தளர்த்தும். ரத்தக்குழாயானாலும் உணவுக்குழாயானாலும் தளர்த்தும். போடு."

அதுவும் சரியான பாடம்தான். நைட்ரேட் உடம்புக்குள் போய் ஒரு வாயுவாகப் பிரிந்து, குழாய்களின் சுவரில் உள்ள மென்தசையை இளகவைக்கிறது. இதயத்தின் குழாய் விரிந்தாலும் வலி குறையும், உணவுக்குழாய் இளகினாலும் குறையும். ஆகவே மாத்திரை கேட்டது என்பதை வைத்து இது இன்ன வலி என்று முடிவு கட்டக்கூடாது. அவளுக்குக் கொஞ்ச நேரத்தில் குறைந்தது. நான் முடிவு கட்டினேன்.

வாயு என்று நம்பியவன் எதற்காக நெஞ்சு மாத்திரையைக் கொடுத்தான்? ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கலாமே. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த நாட்களில் இந்தக் கேள்வியை என்னால் தாண்டிப்போக முடியவில்லை. என் வாய் ஒன்று சொன்னது, என் கை வேறொன்றை அறிந்திருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தேன். விளக்கு வந்துவிட்ட வீட்டிலிருந்து மனைவியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனால் சம்பந்தியம்மாள் முகம் எப்படிப் போகும், மருமகன் என்ன நினைப்பார், காலையில் அடுப்பை யார் பற்றவைப்பார்கள் என்று ஓடியது மனம். சகுனம் பார்ப்பவர்களை வாழ்நாள் முழுக்கக் கேலி செய்தவன் நான்.

"பால் பொங்கட்டும். காலையில பாத்துக்கிடலாம்" என்றேன்.

"அதும் சரிதான்" என்று அவள் பாத்திரத்துக்குத் திரும்பிப் போனாள்.

விடியுமுன் எல்லோரும் அடுக்களையில் நெருக்கிக்கொண்டு நின்றோம். பகவதி குளித்து, கோடிப் புடவை உடுத்தி, அடுப்பைப் பற்றவைத்தாள். பால் எளிதில் பொங்கவில்லை. புதுப் பானை, காற்று வேறு. எல்லார் கண்ணும் பானை விளிம்பில் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு சாம்பல் நிறமாக இருந்தது.

உமா குனிந்து, "என்னம்மா, ஒரு மாதிரி இருக்க?" என்றாள்.

"நேத்துல இருந்து தலை இடிக்கு மக்கா. ராத்திரி உறக்கம் சரியில்ல, அதான்."

பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. பெண்கள் குரவையிட்டார்கள். சம்பந்தியம்மாள் பகவதியின் கன்னத்தைத் தடவி, "உன் கைராசியாக்கும்" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. எல்லாம் முடிந்தது, இனிமேல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்தபடியே சாப்பிட உட்கார்ந்தேன். பாயசம் வரை சாப்பிட்டேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து படுத்தவள், வெயில் தாழும்போது எழுந்திருக்க முடியாமல் மூச்சுக்குத் தவித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் தம் காரை எடுத்தார். பின்சீட்டில் என் தோளில் சாய்ந்து வந்தவள், நாகர்கோவில் நெருங்கும்போது மெதுவாகச் சொன்னாள்:

"அந்த வீட்டுல வச்சு வந்ததுன்னு சொல்லிராதிங்கோ. மத்தியானம் நம்ம வீட்டுக்கு வந்த பொறவுதான்னு சொல்லணும், கேட்டியளா."

"ஏன்?"

"பால் காய்ச்சினவளுக்கே இப்படின்னா அந்த வீட்டுக்குப் பேரு கெட்டுரும். நம்ம பிள்ளை அங்கல்லா காலம் கழிக்கணும்."

சரி என்றேன். அவள் தன் மகளின் வீட்டைக் காப்பாற்றப் பொய் சொல்லச் சொன்னாள். எனக்கு அது வேறு வகையில் வசதியாக இருந்தது. மத்தியானம்தான் வலி வந்தது என்றால், நான் எதையும் தள்ளிப்போட்டவன் ஆகமாட்டேன்.

ஊருக்குள் நுழைந்ததும் வரும் சிறிய ஆஸ்பத்திரியில் இறங்கினோம். போனில் சேதி கேட்டு உமாவும் மருமகனும் சம்பந்தியம்மாளும் எங்களுக்கு முன்பே வந்து நின்றார்கள். இ.சி.ஜி. எடுத்த தாளைப் பார்த்த டாக்டரம்மா சின்ன வயசு, நிதானமானவர். எங்களை அழைத்துச் சொன்னார்:

"அம்மாவுக்கு மாரடைப்பு. இதயத்தோட முன்பக்கம் ரத்தம் போற குழாய் அடைச்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில பலூன் வச்சுத் திறக்கலாம். ஆனா அங்க மேசையில இப்ப வேற ஆளு இருக்காங்க, நேரமாகும். அதுவரை காத்திருக்காம இங்கயே கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டு அனுப்பலாம். வலி எப்போ ஆரம்பிச்சுது?"

"மத்தியானம் சாப்பாடு கழிஞ்சு" என்றாள் பகவதி, மூக்கில் ஆக்ஸிஜன் குழல் மாட்டிய முகத்தோடு.

"எங்க வீட்டுல வச்சு நல்லாத்தானே இருந்தா. பாயசம்கூட ரெண்டு கிண்ணம் குடிச்சா" என்றாள் சம்பந்தியம்மாள் அவசரமாக.

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஐயா, சரிதானா? இதுல நேரம் ரொம்ப முக்கியம்."

"ஆமா, மத்தியானம்" என்றேன்.

கையெழுத்து வாங்கினார்கள். மார்த்தாண்டம் பக்கத்துக் குரலில் பேசிய ஒரு நர்ஸ், "பேடிக்கண்டாம் அம்மச்சி" என்று பயப்படாமல் இருக்கச் சொல்லிப் பகவதியின் காலைத் தட்டிவிட்டு, ஒரு சிறு புட்டியில் இருந்த வெள்ளைப் பொடியில் தண்ணீர் விட்டு, குலுக்காமல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கரைத்தார்.

நேரம் ஏன் முக்கியம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதயம் தன் அறைக்குள் நிறைந்திருக்கும் ரத்தத்தைக் குடித்து வாழ்வதில்லை. வெளிப்புறம் ஓடும் குழாய்கள்தான் அதற்குச் சோறு. அதுவும் பெரும்பாலும் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் தளர்ந்திருக்கும் அந்த இமைநேரத்தில்தான் சாப்பிடும். குழாய் அடைபட்டால் தசை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மணிக்கணக்கில் சாகும். பகவதிக்குப் 'பிடித்துப் பிடித்து விட்டது' தசைப்பிடிப்பு அல்ல. பட்டினி கிடந்த தசையின் வலி. தொடக்கத்தில் கட்டியைக் கரைத்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். நாள் கடந்தபின் அந்த ஊசியால் லாபம் குறைவு, ஆபத்து அதிகம். செத்த தசை இளகிக் கிடக்கும், அது கிழியக்கூடும். மூளையில் ரத்தம் கசியவும் கூடும். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து எண்ண வேண்டிய நேரத்தை அவர்கள் இன்று மத்தியானத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நான் நின்றேன். என் கையும் காலும் என் சொல்லைக் கேட்கும் தசைகள்தான், ஆனால் அசையவில்லை. ஒரு பக்கம் சம்பந்தியம்மாள், ஒரு பக்கம் உமா, முன்னால் அந்தப் புட்டி. சொன்னால் மகளின் வீட்டுக்குப் பேர் கெடும். சொன்னால் என் பேர் கெடும். நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டார்.

"டாக்டர், நேத்து சாயங்காலமே வலி இருந்தது."

டாக்டர் நர்ஸைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினார். "நேத்தா? இப்பதானே மத்தியானம்னு சொன்னீங்க?"

உமா தாயின் பக்கம் திரும்பினாள். "எம்மா, நேத்தே வந்துதா? ஏன் சொல்லல்ல?"

அந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்கவில்லை. நான் ஒன்றும் பேசாமல் இருந்திருக்கலாம். பேசினேன். "பால்காய்ச்சு கெடக்கூடாதுன்னு உங்கம்மா மறைச்சுட்டா, மக்கா."

பகவதி என்னைப் பார்த்தாள். கோபமான பார்வையாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யார் என்று தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உமாவிடம், "ஆமா மக்கா, நாந்தான் சொல்லல்ல" என்றாள்.

அந்த ஊசியைப் போடவில்லை. வேறு மருந்துகளைக் கொடுத்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மேசை காலியானதும் மணிக்கட்டு வழியாகக் கம்பியைச் செலுத்தி, அடைப்பைப் பலூனால் திறந்து, எனக்கு வைத்ததைப் போன்ற ஒரு வலைக்குழாயை வைத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் ஐ.சி.யு. வாசலில் கழிந்தன. தரையோடு திருகிவைத்த இரும்பு நாற்காலிகள். நகர்த்தவும் முடியாது, சாயவும் முடியாது. கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாரும் எழுந்து நிற்போம், யாரோ ஒருவரின் பெயரைச் சொல்வார்கள், மற்றவர்கள் உட்காருவோம். காலையும் மாலையும் கொஞ்ச நேரம் ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். "உங்க நெஞ்சுக்கு ஆகாது, வீட்டுக்குப் போய்ப் படுங்கோ" என்று உமா ஒவ்வொரு மாலையும் சொன்னாள். வீட்டில் எனக்கு என்ன இருந்தது? இரண்டு குழம்புச் சட்டிகள்தான். போகவில்லை. மருமகன் லீவை நீட்டிக்கொண்டு, பில் கட்டும் சன்னலுக்கு நான் போகுமுன் போய்க் கட்டிவிட்டு, கேட்டால் "அது ஆச்சு மாமா" என்பார். சம்பந்தியம்மாள் கஞ்சியும் சிறுபயறும் கொடுத்துவிட்டாள். எனக்கென்று தனித் தூக்கில், உப்பில்லாமல்.

வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். சின்ன ஆஸ்பத்திரி டாக்டரே ஒருநாள் போனில், "ஐயா சரியான நேரத்துல உண்மையைச் சொன்னீங்க, இல்லாட்டி அந்த ஊசி விபரீதமாப் போயிருக்கும்" என்றார். சம்பந்தியம்மாள் உறவினர்களிடம், "வீடு என்ன செய்யும்? இவ முந்தியே வந்ததை மறைச்சால்லா" என்றாள். ஆக, வீட்டின் பேரும் தப்பியது, என் பேரும் தப்பியது. உள்ளே போய்வரும் உமா மட்டும் ஒவ்வொரு தடவையும் தாயைத் திட்டிவிட்டு அழுதுகொண்டே வெளியே வருவாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்பிடாதா அவ? வீடா பெருசு?" என்று என் தோளில் முகம் வைப்பாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். இதைவிடக் கேவலமான ஒன்றை நான் செய்ததாக ஞாபகமில்லை.

ஒரு காலையில் எக்கோ எடுத்தார்கள். ஒலியலையால் இதயம் துடிப்பதைப் பார்க்கும் சோதனை. நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன் அறையில் உள்ள ரத்தத்தில் பாதிக்கும் மேல் வெளியே தள்ளும். பகவதியின் இதயம் மூன்றில் ஒரு பங்கைத்தான் தள்ளியது. திரையில் பார்த்தேன். பின்சுவர் எழுந்து தாழ்ந்தது. முன்சுவரில் ஓர் இடம் மற்றவற்றோடு சேராமல் சும்மா நின்றது. அது இனிமேல் தழும்பாகிவிடும். ஈரல் வளரும், தோல் மூடும், மென்தசைகூட ஓரளவு புதிதாக உண்டாகும். இறந்த இதயத்தசைக்கு ஈடாக உடம்பு புதிதாக முளைக்கவைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக நான் இதைக் கேட்டதுண்டு. அந்த நின்ற இடம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிது நான் அவளைக் காக்கவைத்த நேரம்.

வார்டுக்கு மாற்றிய அன்று நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது சொன்னேன். "உமாகிட்ட சொல்லிரப் போறேன்."

"என்னத்த?"

"நீ போவமான்னு கேட்ட. நான்தான் வேண்டாம்னேன். மாத்திரையும் குடுத்தேன்."

பகவதி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சும்மா கிடங்கோ. பிள்ளை ஏதாவது சொல்லிட்டான்னா உங்க நெஞ்சு தாங்காது."

அந்தக் கட்டிலில் குழாய்களோடு கிடந்தபோதும் அவளுக்கு இதய நோயாளி நான்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். கால் வீங்காமல் இருக்கத் தண்ணீரை அளந்து குடிக்கிறாள். நான் சமைக்கக் கற்றுக்கொண்டேன். இப்போது ஒரு சட்டிக் குழம்புதான், இரண்டு பேருக்கும் உப்பில்லாதது. "இதைத் தின்னுக்கிட்டா இம்புட்டு வருஷம் இருந்தியளோ? பாவம்" என்று முதல் நாள் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உமா வந்திருந்தாள். தாய்க்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே, "இனியாவது எதையும் மறைக்காத, ஏட்டி" என்று விளையாட்டாகத் தலையில் குட்டினாள். பகவதி குட்டு வாங்கிய இடத்தைத் தடவிக்கொண்டாள். என் பக்கம் பார்க்கவில்லை. அவள் பார்க்காததுதான் என்னை எழுப்பியது.

"அவ மறைக்கல்ல, மக்கா. விளக்கு வச்ச அன்னைக்குச் சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போவமான்னு எங்கிட்ட கேட்டா. நான்தான் பால் பொங்கட்டும்னு சொன்னேன். அவமேல போட்டதும் நான்தான்."

உமா சீப்பை நிறுத்தவில்லை. பின்னலை முடித்து, நுனியில் ரப்பர் போட்டாள்.

"தெரியும்ப்பா."

"எப்பிடி?"

"அம்மா வீட்டுக்கு வந்த பொறவுதான் யோசிச்சேன். பால் காய்ச்சுறப்போ தலை இடிக்குன்னு சொன்னா. உறக்கமில்லாம அவளுக்குத் தலை இடிச்சு நான் பாத்ததில்ல. அந்த நெஞ்சு மாத்திரை போட்டா உங்களுக்குத்தான் தலை இடிக்கும், ஊரைக் கூட்டுவிய. உங்க குப்பி உங்க பையிலதானே இருக்கும்? நீங்க குடுக்காம அவளுக்கு யாரு குடுப்பா?"

தலையில் உள்ள ரத்தக்குழாய்களின் மென்தசையும் சேர்ந்து தளர்வதால் வரும் தலைவலி அது. இந்த விளக்கத்தை உமாவுக்குச் சின்ன வயதிலிருந்து பாடம் நடத்திய நான்தான், என் நோய் வந்த காலத்தில் சொல்லியிருந்தேன்.

"பின்ன ஏன் கேக்கல்ல?"

"நீங்களாச் சொல்லுவியளான்னு பாத்தேன்" என்றாள். பையை எடுத்துக்கொண்டாள். நான் போட்டுவைத்திருந்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. குடிக்காமல் போனாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தாள். தாயோடு பேசினாள். என்னிடம், மாத்திரை இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் பகவதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் மேல்வயிற்றில் கையை வைத்தாள். நான் என் சட்டைப்பையைத் தொட்டேன். அதற்குள் அவள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து தன் குப்பியை எடுத்து, மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு, போனை எடுத்தாள்.

"ஏட்டி உமா, வண்டிய அனுப்பு. நெஞ்சுல என்னமோ போல இருக்கு."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். நான் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

அதே பெரிய ஆஸ்பத்திரி. அதே இரும்பு நாற்காலி. இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், காத்திருக்கச் சொல்லி மறுபடி எடுத்தார்கள். உமா எனக்குப் பக்கத்து நாற்காலியை விட்டு, அதற்கு அடுத்ததில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு நெஞ்சு வலிக்கவில்லை. வலித்தால்கூட அன்று சொல்லியிருக்க மாட்டேன்.

கடைசியில் பகவதி தானாக நடந்து வெளியே வந்தாள். பின்னலைச் சரிசெய்துகொண்டாள்.

"கேட்டியளா, வாயுதானாம். உணவுக்குழாய்த் தசை சுருங்கினதாம். உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்."

உமா சிரித்துவிட்டாள். நான் எழுந்து நின்றேன்.

"இனி வாயுவா, வேற ஒண்ணான்னு இவங்க சொல்லட்டும்" என்றாள் பகவதி. "நீங்க கூட வந்தாப் போதும்."

கூடப் போனேன்.